புதுப்பிப்பு: 20 கிலோமீற்றர் இழைக்குள் ஒளி எங்கே போனது?

எர்பியம் பெருக்கியின் (எர்பியம் கலந்த இழையால் ஒளியைப் பெருக்கும் கருவி) வெளியீட்டைக் கூட்டினாலும் 20 கிலோமீற்றர் ஒளியிழையின் மறுமுனையில் திறன் ஏன் ஏறவில்லை என்று போன மாதம் பேராதனையிலிருந்து கேட்டிருந்தேன். பெருக்கிதான் அதற்கு மேல் பெருக்க முடியாத எல்லையை எட்டிவிட்டது என்று நினைத்தேன். தப்பு.

"திரும்பி வர்ற ஒளியை அளந்து பாருங்க தம்பி" என்றார் ஹட்டனைச் சேர்ந்த அண்ணா ஒருவர். சரி என்று, அடைமழை பெய்த ஒரு பின்னேரம் இழையின் வாயில், திரும்பி வரும் ஒளியைத் தனியே பிரித்துவிடும் சர்குலேட்டரை மாட்டினோம். 6 மில்லிவாட் வரை பின்பக்க மீற்றர் அசையவே இல்லை. அதைத் தாண்டியதும் எண்கள் மளமளவென்று ஏறின. தூண்டப்பட்ட பிரில்லுவான் சிதறல்! ஒளியே கண்ணாடி இழைக்குள் ஒலி அலையை எழுப்புகிறது. அந்த அலை, விலகி ஓடும் ஆடிபோல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் அதிர்வெண்ணும் சுமார் 11 கிகாஹேர்ட்ஸ் குறைகிறது. எவ்வளவு அழகான விஷயம்!

எங்கள் லேசரின் நிறமாலைக் கோடு மிகக் குறுகியது, திறன் முழுவதும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் குவிந்து அந்த ஒலி அலையை வலுவாக்கியது, அதுதான் வினை. ஒளி அலையின் கட்டத்தை வேகமாக மாற்றும் கட்டப் பண்பேற்றியால் அந்தக் கோட்டை அகலமாக்கினோம். இப்போது 20 மில்லிவாட் அனுப்பினால் 8 வந்து சேர்கிறது, வழக்கமான இழப்பு மட்டுமே.

அப்புறம், அடுத்தது ராமன் பெருக்கம். 1450 நானோமீற்றர் ஒளியை ஏற்றினால் எர்பியம் இல்லாத சாதாரண இழையே 1550 நானோமீற்றர் சமிக்ஞையைப் பெருக்கும். அளந்ததும் எழுதுகிறேன். அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி.