எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய கோல் போர்ட்டர் தொகுப்பு: முதல் தட்டு மட்டும் கிடைக்குமா?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான கோல் போர்ட்டரின் பாட்டுகளை 1956-இல் பாடிய தொகுப்பின் பழைய எல்பி (இசைத்தட்டு) செட் போன மாதம் என் கைக்கு வந்தது. இரண்டு தட்டு, 32 பாட்டு. இரண்டாவது தட்டு சுத்தமாக ஓடுகிறது. முதல் தட்டின் பின்பக்கத்தில்தான் நகம் மாட்டும் ஆழத்துக்கு ஒரு கீறல். ஊசி அங்கே துள்ளி, பாதி வரியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

அதுவும் எங்கே தெரியுமா? ‘எவ்ரி டைம் வி சே குட்பை’ பாட்டில். பளிச்சென்று ஒலிக்கும் மேஜர் சுர அமைப்பிலிருந்து சோகம் தோய்ந்த மைனருக்கு மாறுவதைப் பற்றி எல்லா பாடும்போதே, அடியில் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மைனருக்கு இறங்கும். சொல்லும் மெட்டும் போர்ட்டர் ஒருவரே எழுதியதால் வந்த அழகு அது. எல்லாவும் சங்கதி எதுவும் போடாமல் மெட்டை அப்படியே பாடியிருப்பார். அந்த இடத்தை எல்பியில் கேட்கத்தான் இவ்வளவு ஆசை.

யாரிடமாவது முதல் தட்டு மட்டும் தனியாக இருந்தால் சொல்லுங்கள், உரிய விலை தருகிறேன். தொகுப்பை வெளியிட்ட வெர்வ் நிறுவனத்தின் பழைய மோனோ (ஸ்டீரியோ அல்லாத ஒற்றை ஒலித்தட) பதிப்பாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். லேபிளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

அப்புறம் ஒன்று: இந்த மாதிரி மோனோ தட்டுக்குத் தனி ஊசி போட்டவர்கள் இருக்கிறீர்களா? இரைச்சல் நிஜமாகவே குறைகிறதா?