புராஸ்டேட் ஆபரேஷன்: ஒரு பக்க நரம்போடு சமாளித்தவர்கள் உண்டா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், வயது 58. பயாப்சியில் புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் (புற்றின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்) 3+4. ஆபரேஷன் முடிவாகிவிட்டது, அதனால் கதிர்வீச்சு யோசனை இப்போது வேண்டாம். புராஸ்டேட்டின் இரு பக்கமும் ஒட்டி ஓடும், விறைப்புக்கான நரம்புகளில் இடப்பக்கத்தை விட்டுவைக்கலாமாம். வலப்பக்கம் கட்டி ஓரத்தை நெருங்கியிருப்பதால் நரம்பையும் சேர்த்து எடுப்பதே நல்லது என்கிறார் டாக்டர். விட்டுவைத்தாலும் விறைப்பு திரும்ப ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம். “நீங்க நல்லாருந்தா போதும்” என்கிறாள் மனைவி. சரி, ஆனால் எனக்குப் பெரிய பயம் சிறுநீர்க் கசிவுதான். ராயபுரத்தில் கடை, நாள் முழுக்க நின்றபடி வியாபாரம்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். சிறுநீர் டியூப் எடுத்தபின் பேடு எவ்வளவு காலம் தேவைப்பட்டது? கீகல் பயிற்சியை (சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கானது) ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கினீர்களா? அதைச் சரியாகச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் வடசென்னையில் யாராவது? கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.