அம்மா ஊரில் தனியாக: வீட்டிலேயே இருக்கட்டுமா, கோவைக்கு அனுப்புவதா?

டெல்டாகாரன்:
அம்மாவுக்கு 79 வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. அப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். நான் சென்னை, அண்ணன் பெங்களூரு. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு, மற்றபடி சமையல், கோலம், கோயில், சீரியல் எல்லாம் அவர் பாட்டுக்கு நடக்கிறது. போன மாதம் கொல்லைப்பக்கக் குளியலறையில் விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு. உடனே அண்ணன் கோவையில் ஒரு சீனியர் லிவிங் (முதியவர்களுக்கான குடியிருப்பு) பார்த்து, முன்பணம் கட்டுகிற வரைக்கும் போய்விட்டார். அம்மா "நான் என்ன தப்பு செய்தேன்" என்று கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை விழுந்ததற்காக ஒருத்தரை வேரோடு பிடுங்கி வேறு ஊரில் நடுவது சரியில்லை என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

ஓய்வூதியன்:
வந்துவிட்டேன். நானும் மனைவியும் கோவையில் அப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறோம், யாரும் எங்களைத் தள்ளிவிடவில்லை, நாங்களே கேட்டு வந்தோம். தம்பி, கோலமும் சீரியலும் பகல் கணக்கு. சாயங்காலம் கதவைச் சாத்தினால் காலையில் பால்காரர் வரும் வரை அங்கே யார்? இங்கே கட்டில் பக்கத்தில் ஒரு பெல் இருக்கிறது, அமுக்கினால் ஆள் வருவார். சாப்பாடு சுமார்தான், சாம்பாரைப் பற்றிப் பேசினால் ராத்திரி முழுக்கப் பேசலாம். ஆனால் பேசுவதற்கு ஆள் இருக்கிறதே, அதுதான் விஷயம். தெரு முழுக்கப் பூட்டின வீடுகளாக இருக்கும் கிராமத்தில் உங்கள் அம்மா சொந்த வீட்டில் இருக்கிறார் என்பது உங்கள் மனத் திருப்திக்கு. அவருக்கு அது தனிச்சிறை.

பிசியோ_திருச்சி:
இரண்டு பேருமே அவர் ஏன் விழுந்தார் என்று கேட்கவில்லை. நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். "வழுக்கி விழுந்தேன்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், விசாரித்தால் பல பேருக்குத் தலை சுற்றித்தான் விழுந்திருக்கும். பிபி மாத்திரை போடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை பிபி பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் குளியலறை. டவல் மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார், அது ஆள் பாரத்துக்குச் செய்ததில்லை, ஒருநாள் ஸ்குரூவோடு கையில் வரும். கைப்பிடி என்று தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் சாதாரண பிளக் பிடிக்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தரையில் நிற்கிற மாதிரிக் கம்பி. கதவு உள்பக்கம் திறக்கிறதா? வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள், ஏனென்றால் உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், வெளியிலிருந்து தள்ளவே முடியாது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், கொக்கி போதும். கொல்லைக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க எரிகிற பல்பு ஒன்று. இவ்வளவுக்கும் ஆகிற செலவு உங்கள் அண்ணன் கட்டப்போகும் முன்பணத்தில் கால் தூசு.

ராசாத்தி_மதுரை:
கம்பி, கதவு எல்லாம் சரி. படுத்துவிட்டால்? என் மாமியாரைக் கடைசி வரை வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்வார். "பார்த்தோம்" இல்லை, பார்த்தேன். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், ராத்திரியிலும்தான். டயபர் மாற்றுவது, சளி எடுப்பது, கஞ்சி புகட்டும்போது புரையேறாமல் பார்ப்பது. நான் வேலையை விட்டேன். அதற்கு முன்பு யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் ஆண்கள் "வீட்டிலேயே வைத்துக்கொள்வோம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்வி: யார் கையால்? டெல்டாகாரன் சார், உங்கள் திட்டத்தில் உங்கள் மனைவி எங்கே வருகிறார்?

டெல்டாகாரன்:
அவள் வரவே இல்லை மேடம். ஆள் வைக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஊருக்கே மாதாமாதம் சர்க்கரை, பிபி மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள், ரேஷனும் வீட்டுக்கே வருகிறது.

ஓய்வூதியன்:
மாத்திரை கொண்டுவருகிறவர் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாரா? திட்டங்களைக் காட்டி ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். முதியோர் உதவித்தொகையை 2023-இல் 1,200 ரூபாய் ஆக்கினார்கள், அதில் எத்தனை நாள் ஆள் வைக்க முடியும்? ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிகளைப் பற்றி என் தங்கையிடம் கேளுங்கள். முன்பணம் வாங்கினார்கள், நர்ஸ் என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள், பாவம் அந்தப் பெண்ணுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியாது, பழகி வருவதற்குள் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

பிசியோ_திருச்சி:
ஐயா, திட்டத்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். அந்த மாத்திரை வருகிற மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது நானும் சிரித்தேன்தான், ஆனால் மாத்திரையோடு நிற்கவில்லை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருவது அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது. பலருக்குக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. பேச ஆள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேரளத்தைப் பாருங்கள், கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சின்ன வலிநிவாரண சங்கமாகத் தொடங்கியது, பிறகு ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துப் பக்கத்து வீட்டு நோயாளிகளைப் பார்க்கிற ஏற்பாடாக வளர்ந்தது, 2008-இல் அரசே அதற்கென்று கொள்கை வெளியிட்டது. இல்லம் கட்டித்தான் தீர வேண்டும் என்றில்லை.

தோபாயோ தம்பி:
சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் முதியவர்களுக்காகக் கைப்பிடி, வழுக்காத தரை, சின்னச் சாய்தளம் எல்லாம் 2012-இலிருந்து அரசு மானியத்தில் போட்டுத் தருகிறார்கள், நாம் கட்டுவது கொஞ்சம்தான். என் அப்பாவுக்கும் போட்டோம், அருமை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் அப்பா வீட்டிலேயே இருப்பதற்குக் காரணம் கைப்பிடி இல்லை, இந்தோனேசியாவிலிருந்து தன் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கும் பணிப்பெண். அவருடைய அம்மாவை அங்கே யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. ராசாத்தி அக்கா கேள்விக்கு இங்கேயும் இதுதான் பதில்.

ராசாத்தி_மதுரை:
பாருங்கள், வீட்டுப் பெண் இல்லையென்றால் அடுத்த நாட்டுப் பெண்.

டெல்டாகாரன்:
சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவை முன்பணத்துக்கு ஊர் வீட்டை விற்கலாம் என்கிறார் அண்ணன். வீடு அம்மா பெயரில். அதற்கு முன்னால் வீட்டை எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் அம்மா இப்போதே செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டால் விற்பது சுலபம் என்று ஆடிட்டர் சொன்னாராம்.

பத்திரம்_பாலு:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும் சார். இப்போது இது குளியலறை விவகாரம் இல்லை, பத்திர விவகாரம். அம்மா கையெழுத்துப் போட வேண்டாம், குறைந்தபட்சம் இந்த மாதிரி வேண்டாம். 2007-ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் பார்க்காமல் போனால் பத்திரத்தையே ரத்து செய்யலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும், பத்திரத்தில் ஒரு வரி இல்லாததால் அலைந்தவர்கள் நிறைய. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் ஜீவனாம்சமும் கிடைக்கும், சட்டத்தில் உள்ள உச்சவரம்பு மாதம் 10,000. கேஸ் போடுகிற நிலைமைக்கு எதற்குப் போக வேண்டும்? வீடு அவர் பெயரில் இருக்கிறவரை இரண்டு பிள்ளைகளும் போன் செய்வார்கள். கசப்பாக இருக்கிறதா? என் மேஜைக்கு வருவதெல்லாம் இந்தக் கதைதான்.

ஓய்வூதியன்:
வீட்டை விற்றுத்தான் வர வேண்டும் என்றால் நானே வேண்டாம் என்பேன். நாங்கள் எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத்தான் வந்தோம், பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போக ஒரு வாசல் வேண்டும். முன்பணத்தில் திரும்பி வருவது எவ்வளவு, நோய் முற்றிப் படுத்துவிட்டால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா, அதற்குத் தனிக் கட்டணமா, எல்லாம் எழுத்தில் கேளுங்கள். இங்கே ஒருவருக்கு மறதி நோய் முற்றியதும் "குடும்பத்தார் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்" என்று கடிதம் கொடுத்தார்கள், அதையும் மறைக்க மாட்டேன். ஒரு மாதம் தங்கிப் பார்க்கச் சில இடங்களில் விடுவார்கள். அம்மாவை அழைத்துவந்து காட்டுங்கள், அவரே முடிவு செய்யட்டும். அவரைக் கேட்காமல் நீங்களும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள்.

டெல்டாகாரன்:
கேட்டேன் ஐயா. "தங்கிப் பார்க்க வருகிறேன், ஆனால் மார்கழியில் இல்லை" என்றார். அதுவரை பிசியோ சார் சொன்ன வேலைகளை ஆரம்பித்துவிட்டேன், கொத்தனார் நாளைக்கு வருகிறார். எதிர்வீட்டு அக்கா ராத்திரித் துணைக்குப் படுக்க ஒப்புக்கொண்டார், சம்பளம் பேசித்தான், சும்மா இல்லை. அதில் பாதியை அண்ணன் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. செட்டில்மென்ட் இப்போதைக்கு இல்லை என்று அவரிடம் சொல்லியாயிற்று, கோபமாக இருக்கிறார். மாதத்தில் ஒரு வாரம் ஊரிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் கேட்கப் போகிறேன்.

ஓய்வூதியன்:
இது அவர் நடமாடுகிறவரை ஓடும். அதற்கு மேல் ஓடாது என்பதில் நான் மாறவில்லை.

பிசியோ_திருச்சி:
நடமாட்டம் நிற்காமல் பார்ப்பதுதான் ஐயா என் வேலையே. மாவுக்கட்டைப் பிரித்ததும் கைக்கு மட்டுமில்லை, காலுக்கும் பயிற்சி ஆரம்பியுங்கள்.

ராசாத்தி_மதுரை:
ஊருக்குப் போகும் அந்த ஒரு வாரம் சமையல் யார், அம்மாவா நீங்களா? அப்புறம், எதிர்வீட்டு அக்காவுக்கும் உடம்பு முடியாமல் போகும், மகள் பிரசவம் வரும், பொங்கலுக்குத் தாய்வீடு போவார். அந்த ராத்திரிகளில் யார் வந்து படுப்பது என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் இப்போதே தேதி போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், மனைவிமார் பெயர் அதில் இருக்கக் கூடாது.