கணினியில் பச்சையாக இருக்கும் கடல் நூலகத் தளத்தில் ஏன் வெளிறிப்போகிறது?

கேட்பவர் (தேவிபட்டினம் பக்கம்)

எங்கள் ஊர் நூலகத்தில் சாயங்கால வேளைகளில் உதவிக்குப் போகிறவன் நான். நூலகத்துக்கு ஒரு சின்ன வலைத்தளம் உண்டு. அதில் கரையோரப் படங்களுக்கென்று ஒரு பகுதி தொடங்கியிருக்கிறோம். தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் சும்மா கட்டிக் கிடக்குமே, அப்போது எடுத்தவை பெரும்பாலும். மொத்தம் 41 படம். பாதிக்கு மேல் இரவல் வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுத்தது, மீதி போனில்.

கேமராப் படம் ஒவ்வொன்றும் 6000×4000 பிக்சல், பத்து எம்பி வரை வருகிறது. அப்படியே ஏற்றினால் இங்கே கிடைக்கிற சிக்னலில் பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் இணையத்தில் இலவசமாகச் சுருக்கிக் கொடுக்கிற ஒரு கருவியில் போட்டு 300 கேபிக்குக் கொண்டுவந்தேன். ஏற்றிப் பார்த்தால் இரண்டு கோளாறு.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமெல்லாம் தளத்தில் படுத்துக் கிடக்கிறது. என் கணினியில் அதே படத்தைத் திறந்தால் நேராக நிற்கிறது.

அடுத்தது நிறம். அரிச்சல்முனைப் படத்தில் மணல் அப்படியே இருக்கிறது. கடல் மட்டும் பத்து வருஷம் துவைத்த கைலி மாதிரி ஆகிவிட்டது. நிறச் செறிவைக் கூட்டிப் பார்த்தேன். கடல் ஒரு வழிக்கு வந்தால் மீன் விற்கிற அக்காவின் முகம் ஆரஞ்சாகிறது. இரண்டு ராத்திரி இதிலேயே போய்விட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

ராம்நாடு ஸ்டுடியோ

டிபிஐ எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? வலைத்தளத்துக்கு 72 வைத்தால்தான் சரியாக வரும். அப்புறம் உங்கள் மானிட்டர் பழசாக இருந்தாலும் நிறம் இப்படித்தான் காட்டும்.

கேட்பவர்

72 வைத்தும் பார்த்தேன் அண்ணே, ஒரு மாற்றமும் இல்லை. மானிட்டரும் காரணமில்லை. நாலு பேர் போனில் தளத்தைத் திறந்து காட்டச் சொன்னேன், நாலிலும் அதே வெளிறல்தான்.

மண்டபம் கேமரா

72 கதையை விட்டுவிடுங்கள். அது அச்சடிக்கும்போது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்கிற எண். திரைக்கு வேண்டியது பிக்சல் கணக்கு மட்டும்தான். 1600 பிக்சல் அகலப் படத்தில் 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் அது 1600-தான்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். வெளிறிப்போன படங்களின் கோப்புப் பெயர் அடிக்கோட்டில் ( _ ) தொடங்குகிறதா?

கேட்பவர்

இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! கேமராவில் எடுத்த 26-ம் அடிக்கோட்டில்தான் தொடங்குகிறது. போன் படங்களில் அடிக்கோடு கிடையாது. யோசித்துப் பார்த்தால், அவற்றில் நிறம் பெரிதாகக் கெடவில்லை. படுத்துக் கிடப்பது மட்டும் அதிலும் உண்டு.

மண்டபம் கேமரா

அப்படியென்றால் இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்.

கேமராவை இரவல் கொடுத்தவர் நிறவெளியை, அதாவது நிறங்களை எண்களாக எழுதும் முறையை, அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருக்கிறார். அப்படி வைத்தால் கேமராக்கள் கோப்புப் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போடும். அது ஒன்றும் கெட்ட அமைப்பு இல்லை, அச்சு வேலைக்கு எடுப்பவர்கள் வைப்பார்கள். ஆனால் அதில் எடுத்த படத்தின் எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பும் கோப்போடு கூடவே போக வேண்டும். குறிப்பு இல்லாத படத்தை உலாவி, திரைகளுக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளி என்றே எடுத்துக்கொள்ளும். அடோபியில் பச்சைக்கு எல்லை அகலம். அங்கே அளந்த எண்ணை இங்கே படித்தால் நிறம் சுருங்கித்தான் தெரியும். நம் கடலின் நீலப்பச்சை சரியாக அந்த இடத்தில் மாட்டுகிறது. மணல், சாம்பல், வெள்ளையெல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் தப்பித்துவிட்டன.

படுக்கைக்கும் இதே கதைதான். கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் உள்ளே படம் படுக்கையாகத்தான் பதிவாகிறது. 'காட்டும்போது திருப்பு' என்று எக்ஸிஃப் தகவலில், அதாவது படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதும் விவரங்களில், ஒரு வரி எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் சுருக்கும் கருவி எடையைக் குறைக்க இரண்டு குறிப்பையும் சேர்த்து வழித்துப் போட்டுவிட்டது. இறால் பெட்டியில் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டு, யார் பெட்டி என்று கேட்கிற மாதிரி.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் செய்யுங்கள், 26 படம் ஒரு சாயங்கால வேலை. மூலப் படத்தைத் திறந்ததும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றவா என்று கேட்கும், மாற்று என்று சொல்லுங்கள். திருப்பவா என்றும் கேட்கும், ஆம். இந்த இரண்டும் முடிந்தபிறகு நீளப் பக்கத்தை 1600 பிக்சலுக்குக் குறையுங்கள். சுருக்கினால் படம் கொஞ்சம் மழுங்கும், லேசாகக் கூர்மை கொடுங்கள். பாய்மரக் கயிற்றைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஜேபெக் தரம் 80 போதும். செறிவைத் தொடவே வேண்டாம்.

கேட்பவர்

ஒரு சிக்கல். நாலு படத்தின் மூலத்தை அழித்துத் தொலைத்துவிட்டேன். சுருக்கி வந்த கோப்புதான் இருக்கிறது.

மண்டபம் கேமரா

நிறத்தை மீட்கலாம். எண்கள் மாறவில்லை, குறிப்புதானே போயிருக்கிறது. மூலம் இருக்கிற வேறொரு கேமராப் படத்தைக் கிம்ப்பில் திறந்து, இந்தத் தடவை 'மாற்றாதே' என்று சொல்லி, அதன் கலர் புரொஃபைலை, அதாவது அந்த நிறக் குறிப்பை, தனிக் கோப்பாகச் சேமியுங்கள். அழிந்த நாலுக்கும் அதை 'அசைன்' செய்யுங்கள், அதற்கப்புறம் எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வர்ட்'. அசைன் என்றால் எண்ணைத் தொடாமல் சீட்டை ஒட்டுவது. கன்வர்ட் என்றால் நிறத்தைக் காப்பாற்ற எண்ணை மாற்றுவது. வரிசை மாறக் கூடாது. திருப்புவதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

தொண்டி நூலக அக்கா

தம்பி, மூலத்தை அழித்தேன் என்று இவ்வளவு லேசாகச் சொல்கிறீர்களே! மூலத்துக்குத் தனி அடைவு, தளத்துக்குப் போவதற்குத் தனி அடைவு. மூலத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. இன்னொரு பிரதி வேறு ஒரு வன்தட்டில், வேறு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். உப்புக்காற்றில் எது எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. போன் படங்களில் ஜிபிஎஸ் இருக்கும். பாசி எடுக்கப் போகிற பெண்கள் படம் ஏதாவது உண்டா? மன்னார் வளைகுடாத் தீவுகளெல்லாம் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. இடக்குறியோடு அவர்கள் படத்தைப் போட்டால் வம்பு நமக்கில்லை, அவர்களுக்கு. தளத்துக்குப் போகிற பிரதியை ஏற்றுமதி செய்யும்போது எக்ஸிஃப் தேர்வை எடுத்துவிடுங்கள். திருப்பிய பிறகு அது தேவையும் இல்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டும் போடுங்கள்.

ஆல்ட் எழுத்தில், அதாவது படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் விவரிப்பில், 'படம் 7' என்று போடாதீர்கள். பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். 'கரையேற்றிய வல்லத்தின் அடிப்பலகைக்கு இருவர் தார் பூசுகிறார்கள்' என்று எழுதினால் அவருக்கும் படம் தெரியும்.

கேட்பவர்

இருக்கிறது அக்கா, இரண்டு படம். கேட்டுவிட்டே போடுகிறேன். இன்னொரு சந்தேகம். பெரியவர் ஒருவர் தனுஷ்கோடி ரயில் நிலையப் படம் ஒன்று கொடுத்திருக்கிறார், 1964 டிசம்பர் புயலுக்கு முந்தையது. அஞ்சல் அட்டை அளவுதான். ஒரு மூலையில் தண்ணீர்க் கறை. கறையை எடுத்துவிடலாமா?

ராம்நாடு ஸ்டுடியோ

இப்போது செயலியில் போட்டால் கறையும் போய்விடும், கலரும் வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை.

தொண்டி நூலக அக்கா

ஸ்டுடியோவில் கல்யாணப் படத்துக்குச் செய்யுங்கள் அண்ணே, யார் வேண்டாம் என்றது. ரயில் பெட்டிக்கு அந்தச் செயலி ஒரு நிறம் பூசும். பத்து வருஷம் கழித்து யாரோ ஒரு மாணவர் அதையே ஆதாரம் என்று எடுத்துக்கொள்வார். நூலகத்தில் அது வேண்டாம்.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் சேமிக்கிற டிஃப் கோப்பாக வையுங்கள், கறையோடு. இங்கே மட்டும் டிபிஐக்கு அர்த்தம் உண்டு, காகிதத்தை அளக்கிறோம் இல்லையா. தளத்துக்கான பிரதியில் வெளிச்சத்தையும் சாய்வையும் சரிசெய்யலாம், அதற்கு மேல் வேண்டாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

கேட்பவர் (மறுநாள் இரவு)

பின்பக்கம் பென்சிலில் இரண்டு வரி இருக்கிறது அக்கா! மங்கல்தான், ஸ்கேனில் முதல் வரி படிக்க முடிகிறது. பெரியவருக்கே அது ஞாபகம் இல்லை.

26 கேமராப் படமும் ஏறிவிட்டன. கடல் கடலாக இருக்கிறது, மீன் விற்கிற அக்கா முகமும் அக்கா முகமாக இருக்கிறது. போன் படம் 12-ம் நிமிர்ந்துவிட்டன. மீதி மூன்றும் ஒரு படகுக்கார அண்ணன் நடுக்கடலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. அவற்றை என்ன செய்தும் தெளிவு வரவில்லை.

மண்டபம் கேமரா

வராது. வாட்ஸ்அப் அனுப்பும்போதே சுருக்கிவிடும், இழந்ததை மீட்க வழியில்லை. அவர் போனில் மூலம் இருக்கும். படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேட்பவர்

இன்று காலைதான் கடலுக்குப் போனார். நாளை கரைக்கு வந்ததும் போனோடு பிடித்துவிடுகிறேன்.