கல்யாணக் கேசட்டை டிவிடியில் ஏற்றியவர்களே, சத்தத்தைக் கேட்டுப் பார்த்தீர்களா?

திருநகர்வாசி:

மதுரையில் பழைய வீடியோ கேசட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பரணில் இருந்ததெல்லாம் 1990-களில் எடுத்த விஎச்எஸ் என்கிற பெரிய கேசட்டுகள். அக்கா கல்யாணம், மாமா வீட்டுக் காதுகுத்து, இப்படி. அதை ஓட்டுகிற டெக் யாரிடம் இருக்கிறது என்று டவுன்ஹால் ரோட்டில் ஆரம்பித்து நேதாஜி ரோடு வரை விசாரித்தேன். "டெக்கா? அதை எப்பவோ எடைக்குப் போட்டாச்சு சார்" என்பதுதான் பல ஸ்டூடியோக்களில் பதில். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். கேசட்டுக்கு 300 ரூபாய், ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

டிவிடி வந்தது. ஆரம்பத்தில் கடைப் பெயரும் செல் நம்பரும் ரோஜாப்பூக்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வருகின்றன, அதை விடுங்கள். படம் நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. சத்தம்தான் பிரச்சினை. அந்தக் காலத்துக் கல்யாணக் கேசட் பார்த்தவர்களுக்குத் தெரியும். மிக்ஸிங் என்று சொல்லி மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். தாலி கட்டும்போது மட்டும் கெட்டிமேளம் கேட்கும், அது ஓய்வதற்குள் மறுபடியும் பாட்டு. பெரியவர்கள் திருநீறு பூசி ஏதோ சொல்கிறார்கள், வாய் அசைகிறது, அவ்வளவுதான். எங்கள் அப்பத்தா குலவை போடுகிறது. வாய்க்கு மேலே கையை வைத்து மறைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் போடுகிறது. கேட்பது என்னவோ எஸ்.பி.பி. குரல்.

அப்பத்தாவின் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. படத்தைச் சுத்தம் செய்ய ஆளாளுக்கு ஒரு சாஃப்ட்வேர் சொல்கிறார்கள். பாட்டுக்கு அடியில் இருக்கும் சத்தத்தை எடுக்க வழி இருக்கிறதா?

மேலூர்க்காரர்:

உங்களுக்குப் பாட்டாவது கேட்கிறது. எங்கள் புதுமனை புகுவிழாக் கேசட்டில் அய்யர் ஹோமம் வளர்க்கிறார், பசுமாடு உள்ளே வருகிறது, அம்மா பால் காய்ச்சுகிறார், பால் பொங்கப் போகிற நேரத்தில் பெங்களூரு ஸ்டேடியம் வந்துவிடுகிறது. 1996 உலகக் கோப்பைக் கால் இறுதி, பாகிஸ்தானோடு ஆடியது. வக்கார் யூனிஸை அஜய் ஜடேஜா விளாசுவதும் ஆமிர் சொகைல் வாய்ச்சவடால் விட்டு அடுத்த பந்திலேயே வெங்கடேஷ் பிரசாத்திடம் போல்டாவதும் அட்சரம் பிசகாமல் இருக்கின்றன. சித்தப்பா வேலை.

கேசட்டின் முதுகுப் பக்கம் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் எதையும் பதிய முடியாது. ஸ்டூடியோக்காரர் ஒழுங்காக உடைத்துத்தான் கொடுத்திருக்கிறார். சித்தப்பா அந்த ஓட்டைமேல் செலோடேப்பை ஒட்டிவிட்டு மேட்சைப் பதிந்திருக்கிறார். மேட்ச் முடிந்ததும் பந்தி வருகிறது. முதல் வரிசையில் யார் என்று கேட்காதீர்கள்.

டிவிடியில் ஏற்றிக் கொடுத்த கடைக்காரருக்கும் ஒரே குழப்பம், "கிரிக்கெட்டை வெட்டிடவா சார்?" என்று போன் போட்டார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.

சிம்மக்கல் பழைய மெக்கானிக்:

திருநகர் தம்பிக்கு ஒரு வழி இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பார்த்துவிடலாம்.

விஎச்எஸ் டேப்பின் அகலம் அரை இஞ்ச். அதன் ஓரத்தில் மெல்லிய கோடாக ஒரு சத்தம் பதிவாகும். இதைப் படிக்கிற ஹெட் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும். சாதாரண மோனோ டெக், விசிபி (பதியாது, ஓட்ட மட்டும் செய்யும்) எல்லாம் இதை மட்டும்தான் எடுக்கும். ஹைஃபை மாடல்களில் இன்னொரு சத்தமும் உண்டு. சுற்றுகிற டிரம்மில் உள்ள ஹெட்டுகளே அதைப் பதியும், படம் பதிவாகிற அதே இடத்தில், படத்துக்குக் கீழே. ஆடியோ டப்பிங் பட்டனை அழுத்திப் பாட்டு ஏற்றினால் ஓரக் கோடு மட்டும்தான் மாறும். படத்துக்கு அடியில் கிடக்கிற சத்தத்தைப் படத்தை அழிக்காமல் யாராலும் தொட முடியாது.

அதனால் உங்கள் ஸ்டூடியோக்காரர் ஹைஃபை டெக்கில் எடிட் செய்துவிட்டுக் கடைசியில் பாட்டை டப் செய்திருந்தால் அப்பத்தா உள்ளேதான் இருக்கிறது. மிக்ஸரில் சத்தத்தையும் பாட்டையும் கலந்து வேறு கேசட்டில் ஏற்றியிருந்தால் போனது போனதுதான். எது என்று தெரிய, ஹைஃபை டெக்கில் போட்டுப் பாருங்கள். முகப்பில் ஹைஃபை என்று எழுத்து எரிந்தால் நல்ல சகுனம். ஆடியோ அவுட்புட்டை ஹைஃபையில் மட்டும் வையுங்கள். சில டெக்கில் 'மிக்ஸ்' என்றும் இருக்கும், அதில் வைத்தால் பாட்டும் சேர்ந்து வந்துவிடும். உங்கள் கடைக்காரர் வைத்திருப்பது அநேகமாக விசிபி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கேட்டதை அவர் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. பரணிலிருந்து எடுத்த கேசட்டை நேராக டெக்கில் திணிக்காதீர்கள். ஜன்னல் மாதிரி இருக்கிற கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. அதை ஓட விட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டிலும் ஒட்டும். பூஞ்சை இல்லையென்றால் முதலில் கடைசி வரை வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் பிளே பண்ணுங்கள். வருஷக்கணக்கில் கிடந்த சுருள் ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தொளதொள என்றும் இருக்கும்.

ஹெட் துடைக்கிறேன் என்று பஞ்சுக் குச்சியை விட்டு மேலும் கீழும் தேய்க்காதீர்கள். பஞ்சு இழை ஹெட்டில் மாட்டினால் ஹெட்டே பெயர்ந்துவிடும். நூல் பிரியாத துணியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து டிரம்மோடு ஒட்டி அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். டெக் தயாரிப்பதை ஃபுனாய் கம்பெனி 2016-இல் நிறுத்தியதோடு புது டெக் என்பதே முடிந்துவிட்டது. இப்போது ஒரு டெக் ஓட வேண்டுமென்றால் இன்னொரு டெக்கைப் பிரித்துத்தான் பெல்ட்டும் ரோலரும் எடுக்கிறோம். அதனால்தான் இவ்வளவு புலம்பல்.

உசிலம்பட்டி மருமகள்:

எங்கள் வீட்டில் பெரிய கேசட் ஒன்றுகூட இல்லை. மாமனார் சிங்கப்பூரில் இருந்தபோது வாங்கிய இரண்டு கேமராக்களில் எடுத்த சின்னக் கேசட்டுகள், ஹை8-உம் மினிடிவியும். ஹை8 கேமரா செத்துப்போய்விட்டது. டிஜிட்டல்8 என்று ஒரு ரகம் இருந்ததே, அதில் சில மாடல்கள் பழைய ஹை8 கேசட்டையும் ஓட்டும். தெரிந்தவர் வீட்டில் ஒன்று கிடைத்தது.

மினிடிவி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அது ஏற்கெனவே டிஜிட்டல். கேமராவை நேராகக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஃபயர்வயர் கேபிள் போட்டு எடுத்தால் கேசட்டில் உள்ளது உள்ளபடியே கம்ப்யூட்டருக்கு வரும், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஒரு கடையில் டிவிக்குப் போடுகிற மஞ்சள், வெள்ளை, சிவப்பு அனலாக் வயரைச் சொருகி ஏற்றிக் கொடுத்தார்கள். ஃபயர்வயர் பற்றிக் கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். ஒன்றில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

டிவிடியை நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு டிஸ்க்கில் 4.7 ஜிபி, சுமார் இரண்டு மணி நேரம் போட்டால் பார்க்கும்படி இருக்கும். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே டிஸ்க்கில் அமுக்கினால் ஆட்கள் நடக்கும்போது கட்டம் கட்டமாக உடைகிறது. பதிகிற டிஸ்க்கே சில வருஷத்தில் படிக்காமல் போகும் ரகம்தான், அதிலும் நம் ஊர் வெயிலுக்கு. ஃபைலாகவும் வாங்கி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

செல்லூர் தறிக்காரர் மகன்:

இது சத்தம் பற்றியதில்லை, மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது சித்திரைத் திருவிழாக் கேசட். மாடி வீட்டிலிருந்து பெரியப்பா எடுத்தது, அழகர் ஆற்றில் இறங்குகிறார். வருஷம் எழுதவில்லை. அழகர் பச்சைப்பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பார்களே, எங்கள் வீட்டில் சண்டையே அதுதான். அப்பா பச்சை என்கிறார், அத்தை சிவப்பு என்கிறார். கேசட்டில் பட்டு ஒரு கலங்கலான பழுப்பாகத் தெரிகிறது, நிறம் விக்கிரகத்தை விட்டு வெளியே கூட்டத்தின் மேல் வழிகிறது. டிவியில் கலரைத் திருகினால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகிவிடுகிறது.

சிம்மக்கல் பழைய மெக்கானிக்:

உங்களிடம் இருப்பது காப்பிக்குக் காப்பி எடுத்தது. விஎச்எஸ்-இல் கலர் எப்போதுமே பலவீனம், படத்தைவிடக் கலருக்கு மிகக் கொஞ்சம் இடம்தான். ஒவ்வொரு காப்பிக்கும் இன்னும் வழியும், சிவப்பு மற்றதைவிட மோசமாக வழியும். பெரியப்பாவிடம் ஒரிஜினல் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் அத்தையும் அப்பாவும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திருநகர்வாசி:

அண்ணே, நீங்கள் சொன்னபடியே உங்கள் ஹைஃபை டெக்கில் போட்டுப் பார்த்தோம். காதுகுத்துக் கேசட்டில் ஒன்றும் இல்லை, பாட்டு முழுவதும் கலந்துவிட்டது. அக்கா கல்யாணத்தில் ஹைஃபை எழுத்து எரிந்தது!

குலவை வந்தது. ஆனால் அதற்கு முன்னால், மணவறைக்குப் பக்கத்தில் லைட் பிடிக்கிற பையன் வந்து நிற்கிறான், அப்பத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தம் போடுகிறது: "ஏன்டா, பொண்ணு அங்கிட்டு உக்காந்திருக்கு, என் மூஞ்சியில என்னத்தடா எடுக்குற?" அக்கா இதை நாலைந்து முறை ஓட விட்டுக் கேட்டது. பந்தியில் யாரோ "ரசம் இங்க வரல" என்று கத்திக்கொண்டே இருக்கிறார், அவர் யார் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது பாட்டோடு ஒன்று, பாட்டில்லாமல் ஒன்று என இரண்டு ஃபைலாக வைத்திருக்கிறோம். பாட்டுள்ளதை யூடியூபில் ஏற்றினார் மாப்பிள்ளை, காப்பிரைட் என்று சொல்லி வந்த வேகத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். பாட்டில்லாதது அப்படியே நிற்கிறது.

மேலூர்க்காரர்:

அண்ணே, அந்த ஹைஃபை டெக் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்குமா? சித்தப்பா வீட்டில் இன்னும் கேசட் இருக்கிறதாம்.

சிம்மக்கல் பழைய மெக்கானிக்:

டெக்கை வெளியே விடுவதில்லை தம்பி. கேசட்டைக் கொண்டு வாருங்கள், இங்கேயே உட்கார்ந்து ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.