ஷார்ட் ஸ்கேல் பேஸ் வாங்குனவங்க, சொல்லிச் செஞ்சவங்க: உங்க அனுபவம் என்ன?

செந்தூல் பேஸ்காரி:

கல்யாண டின்னர், திருவிழா மேடை, தேவாலயப் பாடகர் குழுன்னு பேஸ் வாசிக்கிறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. ஷார்ட் ஸ்கேல்னா கம்பி அதிர்ற நீளம் 30 அங்குலம் போல இருக்கிற பேஸ் கித்தார், வழக்கமானது 34. கடையில வாங்குனாலும் சரி, செய்யிறவர்கிட்ட சொல்லிச் செஞ்சாலும் சரி, 30 அங்குல பேஸ் கிட்ட போனவங்க நடந்ததைச் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு உயரம் கம்மி, கையும் சின்னது. வழக்கமான 34 அங்குல பேஸ்ல விரலுக்கு ஒரு ஃப்ரெட்டுன்னு (நெக்ல, அதாவது கழுத்துல, குறுக்கே பதிச்ச உலோகக் கட்டை) வச்சா, முதல் ஃப்ரெட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் விரியணும். 30 அங்குலத்துல அது பதினொன்றரைக்குள்ள அடங்கிடும். இந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேட்காதீங்க. டின்னர்ல மூணு மணி நேரம் விடாம வாசிச்சிட்டு உங்க இடது மணிக்கட்டைக் கேளுங்க, அது சொல்லும்.

கடையில போய்க் கேட்டா, "தங்கச்சி, அது பிள்ளைங்க பழகுறதுக்கு"ன்னாரு விற்கிறவரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல வாங்குன ஹாஃப்னர் வயலின் பேஸ் 30 அங்குலம். கிரீம் குழுவோட ஜாக் புரூஸ் கையில இருந்த கிப்சன் ஈபி-3 முப்பதரை. 1966ல ஃபெண்டர் விட்ட மஸ்டாங்கும் 30தான். யாரும் அவங்களைப் பிள்ளைங்கன்னு சொல்லலையே.

அப்புறம்தான் கித்தார் செய்யிற அண்ணன் ஒருத்தரைப் பிடிச்சேன். பேர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்காது. நான் நிறத்துல ஆரம்பிச்சேன், மயில் கழுத்து நீலம்னு. அவரு காதுலயே வாங்கிக்கல. என்னோட 34 அங்குல பேஸை வாங்கி ரெண்டாவது ஃப்ரெட்டுல கேப்போவை, அதான் எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பிடிக்கிற கவ்வியை, மாட்டினாரு. நாலு கம்பியையும் ஒரு முழு சுரம் இறக்கிட்டு, "இப்ப வாசி"ன்னாரு. அந்த இடத்துல இருந்து பிரிட்ஜ் (உடம்புல கம்பி உட்கார்ற கட்டை) வரைக்கும் மிச்சம் இருக்கிற கம்பி நீளம் 30.3 அங்குலம்! கம்பியோட தளர்ச்சி, ஃப்ரெட் இடைவெளி ரெண்டும் அச்சு அசலா ஷார்ட் ஸ்கேல் மாதிரியே இருக்கும். முதல் ஃப்ரெட்டுல மாட்டி அரைச் சுரம் இறக்கினா 32 அங்குலம், அது மீடியம் ஸ்கேல். காசு செலவில்லாம வீட்டுலயே ரெண்டையும் பார்த்துடலாம். ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னால ஒரு வாரமாவது இப்படி வாசிச்சுப் பாருங்க. எனக்கு 30தான்னு அதுலயே தெரிஞ்சு போச்சு.

அடுத்தது நிறை. நீளம் குறைஞ்சா எல்லாம் சுகம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவரு பழைய நெக் ஒண்ணை பிளைவுட்ல வெட்டுன உடம்புல முடுக்கி, வார் போட்டு என் தோள்ல மாட்டி, "கையை எடு"ன்னாரு. எடுத்ததுதான் தாமதம், தலைப்பக்கம் சர்ருனு தரையைப் பார்த்து இறங்குச்சு. உடம்பு சின்னதாகிட்டா தலையில இருக்கிற நாலு பெரிய முறுக்காணி ஜெயிச்சிடுது. பிளைவுட்டோட மேல்கொம்பை நீட்டி, வார் மாட்டுற குமிழ் 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேரா வர்ற மாதிரி மறுபடி வெட்டினாரு. எடை கம்மியான முறுக்காணி போடச் சொன்னாரு. இப்ப கையை விட்டாலும் அப்படியே நிக்குது.

மரம் நியாத்தோ. என் மாமா மெர்பாவ் போடச் சொல்லி ஒத்தைக்கால்ல நின்னாரு, "உறுதியான மரம்மா"ன்னு. உறுதிதான், வீட்டுப் படிக்கட்டுக்கு. அந்தக் கனத்தைத் தோள்ல மாட்டுறது நான்தானே.

நட் (தலைப்பக்கம் கம்பி உட்கார்ற பள்ளக் கட்டை) அகலம் 38 மில்லிமீட்டர், ட்ரஸ் ராட் (நெக் வளைவைச் சரி பண்ற உள்கம்பி) முடுக்குற சக்கரம் நெக்கோட அடிப்பக்கம் வெளியில தெரியிற மாதிரி. இந்த ரெண்டாவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துல நெக் அசையாம இருக்காது. ஏர்கோன் மண்டபத்துல ஒரு நாள், திறந்த வெளிப் பந்தல்ல மறுநாள். ஒவ்வொரு தடவையும் நெக்கைக் கழற்றித்தான் முடுக்கணும்னா விடிஞ்சிடும்.

நிறம்? கடைசியில நீலம்தான்.

பட்டர்வொர்த் ஐயா:

நல்லா எழுதியிருக்கே அம்மா. நான் சொல்லிச் செய்யவில்லை. மகளுக்காக ஐபனெஸ் மிக்ரோ வாங்கினேன், 28.6 அங்குலம். அவள் இரண்டு மாதத்தில் பூப்பந்துக்குப் போய்விட்டாள், பேஸ் எனக்கு வந்துவிட்டது. மோட்டாரில் முதுகில் மாட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் ஒத்திகைக்குப் போய்வர இதைவிட வசதி கிடையாது.

கம்பியில்தான் வம்பு. கடைப் பையன் 34 அங்குலக் கம்பியையே கொடுத்து, "வெட்டிக்கலாம் அங்கிள்" என்றான். மாட்டினால் தடித்த பகுதி நட்டைத் தாண்டி முறுக்காணிக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டது. ஈ (E) என்கிற தடித்த கம்பி சுருதி நிற்கவே இல்லை. சுற்றின இடத்தில் மேல்சுற்று பிரிந்து பல் இளித்தது. ஷார்ட் ஸ்கேல் என்று போட்டிருக்கும் கம்பியையே கேட்டு வாங்குங்கள். வாங்குவதற்கு முன் கம்பியின் நுனியிலிருக்கும் உலோகக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்து கொள்ளுங்கள். கம்பி உடம்பின் வழியாக ஏறிவரும் பேஸ் என்றால் அந்த நீளமும் சேரும்.

பட்டறைப் பையன்:

ரிப்பேர் வேலை பார்க்கிறேன், அதனால ரெண்டு வார்த்தை.

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. அதுவும் ஃப்ளாட்வுண்ட் (தட்டைப் பட்டை சுத்துன) கம்பியோட தடிச்ச பகுதியைக் கம்பத்துல சுத்தினா பட்டை வெடிச்சிடும். மத்த கம்பின்னாலும் வெட்டுறதுக்கு முன்னால செங்குத்தா மடக்கிட்டு அப்புறம் வெட்டணும், இல்லைன்னா சுற்று உள்ளே தளர்ந்து கம்பி செத்துடும்.

இன்னொண்ணு. ஒரே கம்பி, ஒரே சுருதின்னா இழுவிசை நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். 34ல இருந்து 30க்கு வந்தா இழுவிசையில 22 விழுக்காடு போயிடும். அதனாலதான் ஈ கம்பி தொளதொளன்னு இருக்குன்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க. பழைய பேஸ்ல ஈ கம்பி 100 தடிப்பு (0.100 அங்குலம்) போட்டிருந்தா இதுல 105 போடுங்க. நட்டுல பள்ளத்தையும் அதுக்கேத்த மாதிரி அராவணும். சொல்லிச் செய்யும்போதே என்ன கம்பி போடப்போறேன்னு சொல்லிட்டா இந்த வேலை மிச்சம்.

முன்பணம் கட்டுறதுக்கு முன்னால ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல படம் கேளுங்க. நட் அகலம், பிரிட்ஜ்ல கம்பி இடைவெளி, பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) எந்த இடம், மொத்த எடை எவ்வளவுக்குள்ள, எல்லாம் அதுல எழுத்துல இருக்கணும். "நல்லா வரும் அண்ணே, நம்புங்க"ன்னு வாயால சொன்னது கூடுதலா ரெண்டு கிலோவோட வந்த கதை எங்க பட்டறையில தொங்குது.

கிள்ளான் ஜாஸ்:

எல்லாரும் புகழ்றீங்க, நான் மாத்திச் சொல்றேன். 30 அங்குலம் ஒரு வருஷம் போல வச்சிருந்தேன், கொடுத்துட்டேன். வீட்டுல தனியா வாசிச்சா தேன். அந்த உருண்டையான 'தும்', எண்பதுகளோட சினிமாப் பாட்டு பேஸுக்கு அப்படியே பொருந்தும். ஆனா எங்க குழுவுல ரெண்டு கீபோர்டு, உறுமி, தவில் எல்லாம் இருக்கு. அந்த நெரிசல்ல 34 அங்குலத்தோட கம்பி உலோகச் சத்தம் இருக்கே, அதுதான் தலையை நீட்டும். குட்டை பேஸ் சத்தம் கூடத்துல கரைஞ்சு போயிடும். மேடை எதுன்னு பார்த்து வாங்குங்க லா.

செந்தூல் பேஸ்காரி:

ஜாஸ் அண்ணே, நீங்க சொல்றதை மறுக்கல. உறுமி பக்கத்துல நின்னா எதுவும் கரையும். நான் ஃப்ளாட்வுண்டைக் கழற்றிட்டு ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுத்துனது) போட்டேன், ஆம்ப்ல அடி பேஸைக் குறைச்சு நடு ஒலியை ஏத்தினேன். பாதி திரும்பி வந்துச்சு. முழுசா வரலைதான்.

ஜாலான் ஈப்போ புதுசு:

அக்கா, நான் இப்பதான் பழகுறேன். அஞ்சு கம்பில ஷார்ட் ஸ்கேல் சொல்லிச் செய்யலாமா? ஈக்குக் கீழ பி (B) கம்பி வேணும்.

பட்டறைப் பையன்:

தம்பி, செய்யலாம், செய்றாங்க. ஆனா ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், பி கம்பி 31. அவ்வளவு கீழ இருக்கிற சுரத்தை 30 அங்குலத்துல நிக்க வைக்க நல்ல தடியான கம்பி வேணும். தடி கூடக் கூட வளைவு குறைஞ்சு சத்தம் மந்தமாகும், மேல் ஃப்ரெட்டுல சுருதியும் விலகும். பி கட்டாயம்னா 32க்குக் குறையாதே. முதல்ல யாருகிட்டயாவது அஞ்சு கம்பி பேஸ் இரவல் வாங்கி, அக்கா சொன்ன மாதிரி முதல் ஃப்ரெட்டுல கேப்போ போட்டு, அரைச் சுரம் இறக்கிப் பாரு. பி பிடிக்குதான்னு அப்புறம் வந்து சொல்லு.

ஜாலான் ஈப்போ புதுசு:

கேப்போ பேஸுக்குன்னு தனியா விக்குதா, கித்தாரோடதே போதுமா?

செந்தூல் பேஸ்காரி:

சில கித்தார் கேப்போ பேஸ் கம்பியை அமுக்காது தம்பி, ஸ்பிரிங் பத்தாம ஈ கம்பி கிறுகிறுக்கும். திருகு வச்சு முடுக்குறதா பார்த்து வாங்கு. அஞ்சு கம்பின்னா நெக் இன்னும் அகலம், கடைக்குப் பேஸையும் தூக்கிட்டுப் போய் மாட்டிப் பார்த்துட்டுக் காசைக் கொடு.