ஈகிள்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸில் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ ஏன் இல்லை?

புதுக்காது:
வணக்கம். ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ‘தெயர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975’ விற்பனையில் சாதனை படைத்த தொகுப்பு என்கிறார்கள். பார்த்தால் பத்தே பாட்டு, அதில் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ இல்லை. எனக்குத் தெரிந்ததே அந்த ஒரு பாட்டுதான். இதை வாங்கலாமா, வேறு தொகுப்புக்குப் போகலாமா?

தாளக்காரன்:
காரணம் தேதிதான். இந்தத் தொகுப்பு வந்தது 1976 பிப்ரவரியில், ‘ஹோட்டல் கலிபோர்னியா’ ஆல்பம் அதே ஆண்டு டிசம்பரில். 1982-இல் வந்த இரண்டாவது தொகுப்பில் அந்தப் பாட்டு இருக்கிறது. அதை வாங்குங்கள்.

ஆறுதந்தி:
தாளக்காரன் சொன்ன தேதி சரி, முடிவு எனக்கு ஒப்பவில்லை. முதல் தொகுப்பையே வாங்குங்கள். அந்தப் பத்துப் பாட்டிலும் இருப்பது வேறொரு ஈகிள்ஸ். அங்கே பெர்னி லெடன் இருக்கிறார். கிடார், பான்ஜோ, மாண்டலின் என்று எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். 1975 கடைசியில் அவர் விலகி ஜோ வால்ஷ் வந்த பிறகுதான் நீங்கள் கேட்ட பாட்டே பிறக்கிறது.

முதல் பாட்டு ‘டேக் இட் ஈஸி’. ஹெட்போனில் கேளுங்கள். கிடார்களுக்குப் பின்னால் லெடனின் பான்ஜோ இரட்டை வேகத்தில் ஓடும். காது அதைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் விடாது. நான் கிடார் வாசிப்பவன், இருந்தும் அந்தப் பாட்டில் எனக்கு உயிர் பான்ஜோதான்.

அடுத்து ‘ஆல்ரெடி கான்’, ‘பெஸ்ட் ஆஃப் மை லவ்’ இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டும் 1974-இன் ‘ஆன் தி பார்டர்’ ஆல்பத்திலிருந்து வந்தவை. ஆனால் ஒரே ஆல்பம் என்று நம்ப முடியாது. ‘பெஸ்ட் ஆஃப் மை லவ்’ தயாரிப்பாளர் க்ளின் ஜான்ஸ் காலத்தில் பதிவானது: குரல்கள் முன்னே, மற்றதெல்லாம் மென்மை. குழுவுக்கோ ராக் வேண்டும். பில் சிம்சிக் என்ற வேறு தயாரிப்பாளரிடம் மாறினார்கள், கிடார் வாசிக்க டான் ஃபெல்டரும் சேர்ந்தார். ‘ஆல்ரெடி கான்’ கிடார்கள் சீறுவது அதனால்தான். இதில் ஒரு வேடிக்கை, அமெரிக்காவில் அவர்களுக்கு முதன்முதலில் நம்பர் 1 இடம் வாங்கிக் கொடுத்தது அந்த மென்மையான பாட்டுதான்!

புதுக்காது:
நன்றி அண்ணா. எல்லாம் ஹிட் பாட்டுகள்தானா?

ஆறுதந்தி:
ஒன்று மட்டும் விதிவிலக்கு. ‘டெஸ்பராடோ’வை அவர்கள் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, வெளியிடவே இல்லை. ஆனாலும் அது இல்லாத தொகுப்பை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பியானோவும் டான் ஹென்லியின் குரலுமாகத் தொடங்கும், வயலின்கள் பிறகுதான் மெல்லச் சேரும். 1973-இன் ‘டெஸ்பராடோ’ ஆல்பத்தில் அது முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, இந்தத் தொகுப்பின் இசைத்தட்டிலும் அதே இடம். அது முடிந்து தட்டைத் திருப்பும் இடைவெளி அந்தப் பாட்டுக்குத் தேவை. அதனால் தொடர்ச்சியாக ஓடவிட்டுக் கேட்டாலும் அங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். உடனே ‘ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்’ பேஸ் கிடார் வந்து விழுந்தால் மனசு ஒட்டாது.

தாளக்காரன்:
விற்பனை பற்றிக் கேட்டிருந்தீர்களே. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழை 1976-இல் ஏற்படுத்தியதும் அதை முதலில் வாங்கிய ஆல்பம் இதுதான். 2018 கணக்கில் 38 முறை பிளாட்டினம், மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ அதற்குப் பின்னால்தான். ஆறுதந்தி சொல்வதைப் படித்ததும் எனக்கே மறுபடி கேட்கத் தோன்றுகிறது. ஆனால் குழுவில் பேஸ் கிடார் வாசித்துப் பாடிய ராண்டி மைஸ்னரை விட்டுவிட்டீர்களே!

ஆறுதந்தி:
அவரை விடுவேனா? ‘டேக் இட் டு தி லிமிட்’ அவர் பாட்டு. கடைசியில் குரல் மேலே மேலே ஏறும் இடத்தில் ஒலியைக் குறைக்காதீர்கள். புதுக்காது, அந்தப் பாட்டு பிடித்தால் அடுத்து 1975-இன் ‘ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்’ ஆல்பத்தை முழுசாக எடுங்கள். ‘ஹோட்டல் கலிபோர்னியா’வை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.